கூட்டுத் தொழில்: பத்திரம் போதுமா, பதிவும் வேண்டுமா, எல்எல்பிக்கே போய்விடலாமா?

போன மாதம் இரண்டு பேர் எங்கள் ஆபீசுக்கு வந்தார்கள். திருப்பூரில் ஸ்கிரீன் பிரிண்டிங் யூனிட் போடப் போகிறார்கள். ஒருவர் பதினைந்து வருடம் பிரிண்டிங் டேபிளிலேயே நின்றவர், தொழில் அத்துப்படி. மற்றவர் கையில் இடம் விற்ற காசு இருக்கிறது, தொழில் தெரியாது. காசுக்காரர் 14 லட்சம், வேலைக்காரர் 2 லட்சம், லாபம் பாதிப் பாதி. இதுதான் பேச்சு.

"பதிவெல்லாம் எதுக்குங்ண்ணா? ரெண்டு பேரும் ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து ஒண்ணாப் படிச்சவங்க. பேங்க்ல கேக்கறாங்க, ஒரு பத்திரம் மட்டும் அடிச்சுக் குடுங்க."

கையோடு மாதிரிப் பத்திரம் ஒன்றும் கொண்டுவந்திருந்தார்கள். யாரோ சொந்தக்காரருடையது. பெயர்களை மட்டும் பேனாவால் அடித்துத் திருத்தியிருந்தார்கள். தொழில் என்ன என்று சொல்லும் பத்தியில் 'நெல், அரிசி, தவிடு மொத்த வியாபாரம்' அப்படியே இருந்தது. பிரச்சினை வந்தால் என்ன செய்வது என்ற இடத்தில் ஒரே வரி: 'பங்குதாரர்கள் தங்களுக்குள் சுமுகமாகப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியது.' சுமுகமாகப் பேச முடிகிறவர்கள் பத்திரத்தை எடுத்துப் பார்க்கவே மாட்டார்கள்.

இவர்கள் முன்னால் ஐந்து வழி இருந்தது. கூட்டே சேராமல் கடனாக வைத்துக்கொள்வது, பத்திரம் மட்டும் போடுவது, பத்திரம் போட்டு நிறுவனத்தையும் பதிவது, எல்எல்பி (பங்குதாரரின் கடன் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு), பிரைவேட் லிமிடெட். நம் ஊரில் அதிகம் பேர் போகிற வழி இரண்டாவது. என் கணக்கில் ஐந்திலும் மோசமானதும் அதுதான்.

முதலில், கூட்டு வேண்டுமா?

இதை யாரும் கேட்டுக்கொள்வதில்லை. 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் நான்காம் பிரிவில் சொல்வது சின்ன விஷயம்தான். ஒரு தொழிலின் லாபத்தைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்திருக்க வேண்டும். அந்தத் தொழிலை எல்லோருமோ, எல்லோருக்காகவும் ஒருவரோ நடத்த வேண்டும். இது இருந்தால் கூட்டு. பத்திரமே இல்லாவிட்டாலும், வாய்ப்பேச்சாக இருந்தாலும் கூட்டுதான்.

ஆனால் லாபத்தில் பங்கு வாங்குகிற எல்லோரும் பங்காளி ஆகிவிடுவதில்லை. பணம் கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக லாபத்தில் ஒரு பகுதி வாங்கலாம், வேலையாள் சம்பளத்தோடு லாபத்தில் கமிஷன் வாங்கலாம். அதனால் மட்டுமே அவர்கள் பங்குதாரர் ஆகமாட்டார்கள் என்று ஆறாம் பிரிவு சொல்கிறது. இதற்கு மூலம் 1860-இல் இங்கிலாந்தில் வந்த காக்ஸ் - ஹிக்மன் தீர்ப்பு. நொடித்துப்போன ஓர் இரும்பு வியாபாரத்தை, பாக்கி வரவேண்டிய கடன்காரர்களின் மேற்பார்வையில் நடத்தி, லாபத்திலிருந்து கடனைத் தீர்க்க ஏற்பாடு. அதற்குச் சரக்குப் போட்டவர், லாபம் உங்களுக்குத்தானே போகிறது, நீங்களும் பங்காளிகள்தான், பணத்தைக் கொடுங்கள் என்று அந்தக் கடன்காரர்கள் மேல் வழக்குப் போட்டார். அங்கே அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவருக்காக மற்றவர் தொழில் நடத்துகிறாரா என்பதுதான் உரைகல் என்றது.

ஆகவே யூனிட் பக்கமே வராத காசுக்காரர் 14 லட்சத்தைக் கடனாகக் கொடுத்து, எழுதி வாங்கிக்கொண்டு, நிம்மதியாக இருக்கலாம். மை வாங்கிய பாக்கிக்கும் கூலிப் பாக்கிக்கும் யாரும் அவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. இதைச் சொன்னதும் வேலை தெரிந்தவர் முகம் மாறிவிட்டது. "அப்ப நஷ்டம் வந்தா முழுசும் என் தலையிலீங்களா?" ஆமாம், கடன் என்றால் அப்படித்தான். நஷ்டத்திலும் கூட நிற்க ஆள் வேண்டும் என்பவருக்குத்தான் கூட்டு. அங்கே இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காசுக்காரர் "சேந்தே செய்யலாம்" என்றார். அதற்குப் பிறகுதான் மேற்கொண்டு பேச விஷயம் இருந்தது.

பத்திரத்தில் எழுதாத இடத்தைச் சட்டம் நிரப்பும்

பத்திரம் மௌனமாக இருக்கும் இடங்களில் 1932 சட்டம் தன் விதியைப் போட்டுக்கொள்ளும். அந்த விதிகள் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். யார் எவ்வளவு முதல் போட்டிருந்தாலும் லாபமும் நஷ்டமும் சமம். நாள் முழுக்க உழைப்பவருக்குச் சம்பளம் கிடையாது. போட்ட முதலுக்கு வட்டி கிடையாது. முதலுக்கு மேல் கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு மட்டும் வருடத்துக்கு 6 சதவீதம்.

இவர்கள் கணக்கையே போட்டுக் காட்டினேன். முதல் வருடம் 9 லட்சம் லாபம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றும் எழுதாவிட்டால் ஆளுக்கு நாலரை லட்சம். 14 லட்சம் போட்டவர் வயிறு எரிவார். பகலும் இரவும் டேபிளில் நின்றவரும் எரிவார். இருவர் கோபத்திலும் நியாயம் இருக்கும்.

பத்திரத்தில் முதலுக்கு 12 சதவீத வட்டி, உழைக்கிறவருக்கு மாதம் 25,000 சம்பளம் என்று எழுதிவிட்டால் வட்டி 1.68 லட்சமும் 24 ஆயிரமும், சம்பளம் 3 லட்சம். மீதி 4.08 லட்சம், ஆளுக்கு 2.04 லட்சம். காசுக்காரருக்கு மொத்தம் 3.72, உழைத்தவருக்கு 5.28.

வருமான வரியும் இதே எழுத்தைப் பார்த்துத்தான் நடக்கும். கூட்டு நிறுவனத்துக்கு லாபத்தில் 30 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீத செஸ். ஒன்றும் எழுதாவிட்டால் 9 லட்சத்துக்கு 2,80,800 ரூபாய். வட்டியும் சம்பளமும் பத்திரத்தில் இருந்தால் 4.08 லட்சத்துக்கு மட்டும், அதாவது 1,27,296 ரூபாய். ஒரு பத்தி எழுதாமல் விட்டதற்கு ஒன்றரை லட்சம் தண்டம். லாபப் பங்கு பங்குதாரர் கைக்கு வரும்போது மறுபடி வரி இல்லை. வட்டிக்கும் சம்பளத்துக்கும் அவரவர் கணக்கில் வரி உண்டு. வேறு பெரிய வருமானம் இல்லாதவருக்கு இந்தத் தொகைக்குப் பெரும்பாலும் வரி வராது.

இதில் மூன்று கண்ணி. வட்டி 12 சதவீதத்துக்கு மேல் போனால் வரிக்கணக்கில் ஏறாது. சம்பளம் உழைக்கிற பங்குதாரருக்கு மட்டும்தான். அதற்கும் லாபத்தைப் பொறுத்து உச்சவரம்பு உண்டு. பத்திரத் தேதிக்கு முந்தைய மாதங்களுக்குச் சேர்த்து எழுதிக்கொள்ளவும் முடியாது. 2025 ஏப்ரல் முதல், ஒரு பங்குதாரருக்குப் போகும் வட்டியும் சம்பளமும் வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனம் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி, பிடித்துக் கட்ட வேண்டும். "என் காசை நானே எடுத்தா அதுக்கும் டிடிஎஸ்ஸா?" என்று கேட்காதவர் இன்றுவரை இல்லை.

நோட்டரி சீல் பதிவு ஆகாது

பத்திரத்தை முத்திரைத்தாளில் அடித்து, நோட்டரியிடம் சீல் வாங்கி, பான் கார்டு எடுத்து, ஜிஎஸ்டி எண்ணும் சிறுதொழிலுக்கான உத்யம் சான்றிதழும் வாங்கி, கரண்ட் அக்கவுண்டும் திறந்துவிடுவார்கள். "ரிஜிஸ்டர் பண்ணியாச்சுங்க" என்பார்கள். இதில் எதுவுமே 1932 சட்டத்தின்படி பதிவு இல்லை. பதிவு என்பது பதிவுத்துறையின் மாவட்டப் பதிவாளரிடம், நிறுவனத்தின் பெயர், தொழில் நடக்கும் இடம், கிளைகள், ஒவ்வொருவரும் சேர்ந்த தேதி, முழுப்பெயர், நிரந்தர முகவரி, எத்தனை காலத்துக்கு என்ற விவரத்தோடு எல்லாப் பங்குதாரர்களும் கையெழுத்திட்ட விண்ணப்பம் கொடுத்து, நிறுவனப் பதிவேட்டில் பெயர் ஏறுவது.

கட்டாயமா என்றால் இல்லை. பதியாததற்கு அபராதமும் இல்லை. அதனால்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தண்டனை வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது, 69-ஆம் பிரிவில். பதியாத நிறுவனம், ஒப்பந்தப்படி தனக்கு வரவேண்டிய பணத்துக்காக வெளியாள் மேல் வழக்குப் போட முடியாது. பங்குதாரர்களுக்குள்ளும், பத்திரத்தில் இப்படி எழுதியிருக்கிறதே என்று ஒருவர் மற்றவர் மேல் வழக்குப் போட முடியாது. கூட்டைக் கலை, கணக்கைக் காட்டு என்று மட்டும்தான் கேட்கலாம். ஆனால் வெளியாள் உங்கள் மேல் தாராளமாக வழக்குப் போடலாம். நீங்கள் தர வேண்டியதற்குக் கோர்ட் கதவு திறந்திருக்கும், உங்களுக்கு வர வேண்டியதற்கு மூடியிருக்கும்.

சில வருடங்களுக்கு முன் எங்களிடம் வந்த ஒரு கூட்டு நிறுவனம். ஒரு பனியன் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்து பதினொரு லட்சம் பாக்கி. பில், டெலிவரி சலான், ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் சுத்தம். வழக்குப் போட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது ஒரே கேள்வி: நிறுவனப் பதிவுச் சான்றிதழ் எங்கே? அவசரமாகப் போய்ப் பதிந்துவிட்டு வந்தார்கள். அது உதவவில்லை. வழக்குப் போடும் நாளிலேயே நிறுவனம் பதிவாகி இருந்திருக்க வேண்டும். போட்ட பிறகு பதிந்தால் அந்த வழக்கு பிழைக்காது. வாபஸ் வாங்கிப் புதிதாகப் போட வேண்டியதுதான், அதுவும் மூன்று வருடக் காலக்கெடு தாண்டாமல் இருந்தால். அவர்களுக்கு இரண்டு பில் தப்பியது. பெரிய பில் தப்பவில்லை.

இதன் மறுபக்கம் நல்ல செய்தி. தொழில் தொடங்கும்போதே பதிய வேண்டும் என்றில்லை. பணம் நின்றுபோனதும், வழக்குக்கு முன் பதிந்தாலும் போதும். அப்படியானால் அப்போது பார்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் பணம் நிற்கும் நேரத்தில்தான் பங்காளிகளுக்குள்ளும் முறைப்பு வந்திருக்கும், விண்ணப்பத்துக்கோ எல்லோர் கையெழுத்தும் வேண்டும். இன்னொன்று: வழக்குப் போடும் பங்குதாரர்களின் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும். நடுவில் மச்சானைச் சேர்த்துவிட்டுப் பதிவாளருக்குச் சொல்லாமல் இருந்தால் அங்கேயும் இடிக்கும்.

கடன் யார் வீட்டு வாசலுக்கு வரும்?

சாதாரணக் கூட்டில், பதிந்தாலும் பதியாவிட்டாலும், ஒவ்வொரு பங்குதாரரும் நிறுவனத்தின் முழுக் கடனுக்கும் பொறுப்பு. பாதிப் பங்குதானே, பாதிக் கடன்தானே என்ற பேச்சே கிடையாது. பங்காளி தொழிலுக்காக 8 லட்சத்துக்கு மை வாங்கிவிட்டுக் கைவிரித்தால், மைக் கடைக்காரர் முழு 8 லட்சத்தையும் உங்களிடமே கேட்கலாம். கொடுத்துவிட்டு நீங்கள் பங்காளியிடம் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். தொழிலின் வழக்கமான காரியங்களில் ஒருவர் கையெழுத்து எல்லோரையும் கட்டும். நிலம் வாங்குவது, விற்பது, வரவேண்டிய பாக்கியை விட்டுக்கொடுப்பது மாதிரியானவற்றுக்கு மட்டும் அந்த அதிகாரம் தானாக வராது.

இங்கேதான் எல்எல்பி வருகிறது. 2008-இல் இயற்றி 2009-இல் நடைமுறைக்கு வந்த சட்டம். எல்எல்பி தனி ஆள் மாதிரி: தன் பெயரில் நிலம் வாங்கலாம், வழக்குப் போடலாம். சாதாரணக் கூட்டு நிறுவனத்துக்கு அந்தத் தனி உடம்பு கிடையாது. எல்எல்பி பங்குதாரர் தான் போட ஒப்புக்கொண்ட முதல் வரைதான் பொறுப்பு. பங்காளி செய்த தப்புக்கு உங்கள் வீடு போகாது. நீங்களே செய்த தப்புக்குப் போகும், மோசடி என்றால் வரம்பே இல்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் இந்தக் கவசத்தில் இரண்டு பெரிய ஓட்டை. ஒன்று பேங்க். எல்எல்பிக்குக் கடன் கொடுக்கும்போது பங்குதாரர்களிடம் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்து வாங்குவதுதான் வழக்கம். அங்கே கவசம் கழன்றுவிடும். மற்றொன்று ஜிஎஸ்டி. கூட்டு நிறுவனம் கட்டாத வரிக்கும் வட்டிக்கும் அபராதத்துக்கும் ஒவ்வொரு பங்குதாரரும் பொறுப்பு என்று சொல்லும் அந்தச் சட்டம், அந்த இடத்தில் எல்எல்பியையும் கூட்டு நிறுவனமாகவே பார்க்கிறது. ஆக எல்எல்பி காப்பாற்றுவது பெரும்பாலும் சரக்குப் போட்டவர், வாடிக்கையாளர், பங்காளியின் கவனக்குறைவு ஆகியவற்றிடமிருந்துதான். கடனுக்குச் சரக்கு நிறைய எடுக்கும் தொழில், தவறு நேர்ந்தால் பெரிய நஷ்டஈடு கேட்கும் தொழில், மூன்று நான்கு பேர் தனித்தனி ஊரில் இருந்து நடத்தும் தொழில் என்றால் இதுவே பெரிய லாபம். கூலிக்கு அச்சடிக்கும், துணியை வாடிக்கையாளரே தரும் யூனிட்டுக்கு அவ்வளவு இல்லை.

விலையையும் சொல்லிவிடுகிறேன். எல்எல்பி மத்திய அரசின் கம்பெனி விவகாரத் துறையில் பதிவாவது. ஒரு ரூபாய் வியாபாரம் நடக்காவிட்டாலும் வருடத்துக்கு இரண்டு படிவம்: மே 30-க்குள் படிவம் 11, அக்டோபர் 30-க்குள் படிவம் 8. தவறினால் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். விற்றுமுதல் 40 லட்சத்தையோ, போட்ட முதல் 25 லட்சத்தையோ தாண்டினால் தணிக்கை கட்டாயம். எல்எல்பி ஒப்பந்தத்தைப் பதிவான 30 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வரி விகிதம் கூட்டு நிறுவனத்துக்கு உள்ளதே. ஆனால் சிறு தொழிலுக்கு விற்றுமுதலில் 8 சதவீதத்தை, பேங்க் வழி வரவு என்றால் 6 சதவீதத்தை லாபமாகக் காட்டி முடித்துக்கொள்ளும் சலுகை சாதாரணக் கூட்டு நிறுவனத்துக்கு உண்டு, எல்எல்பிக்குக் கிடையாது. அந்த வழியில் போனால் முன்பு பார்த்த வட்டி, சம்பளக் கழிவு தனியாகக் கிடைக்காது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

தொழில் பெருகிய பிறகு கூட்டு நிறுவனத்தை எல்எல்பியாக மாற்றிக்கொள்ளலாம். மாறுவதற்கு முந்தைய கடனுக்கு மட்டும் பழையபடி சொந்தப் பொறுப்பு தொடரும். கடன்காரர் நெருக்கும்போது மாறித் தப்பிக்கலாம் என்று யாராவது ஐடியா கொடுத்தால் நம்பவேண்டாம்.

பிரைவேட் லிமிடெட் பற்றி இவர்களிடம் இரண்டு நிமிடம்தான் பேசினேன். வெளியிலிருந்து பங்கு மூலதனம் வரப்போகிறது என்றால் அதுதான் வழி. வரி விகிதமும் குறைவான தேர்வு உண்டு. ஆனால் லாபத்தை டிவிடெண்டாக எடுத்தால் கையிலும் வரி, விற்றுமுதல் எவ்வளவாக இருந்தாலும் தணிக்கை, வருடாந்திரக் கூட்டம். கல்லாவில் இருந்து நினைத்தபோது காசு எடுத்துப் பழகியவர்கள் கம்பெனிக்குள் போனால் திணறிவிடுவார்கள்.

பிரியும் நாள்

சேரும்போது பேசவே கூச்சப்படுகிற விஷயம். பத்திரத்தில் காலமும் முடிவுக்கு வரும் வழியும் எழுதாவிட்டால், எந்தப் பங்குதாரரும் எழுத்தில் ஒரு நோட்டீஸ் கொடுத்து அன்றைக்கே கூட்டைக் கலைத்துவிடலாம். தீபாவளி ஆர்டர் பாதியில் நிற்கும்போதும் கலைக்கலாம். ஆகவே மூன்று மாத நோட்டீஸ், யார் யாருக்கு விலை கொடுத்து வாங்கிக்கொள்வது, மெஷினுக்கு யார் விலை போடுவது என்பதை எழுதிவிடச் சொன்னேன்.

விலகுகிறவர் பலர், பங்காளியிடம் எழுதி வாங்கிக்கொண்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். பொது அறிவிப்பு கொடுக்காதவரை வெளியாட்களுக்கு அவர் இன்னும் பங்குதாரர்தான். பதிந்த நிறுவனம் என்றால் பதிவாளருக்கும், அரசிதழிலும், அந்த மாவட்டத்தில் ஓடும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்பு வர வேண்டும். ஜிஎஸ்டி ஆணையருக்கு ஒரு மாதத்துக்குள் தனியாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தகவல் போய்ச் சேரும் நாள் வரை வரிப் பாக்கியும் துரத்தும்.

சாவு பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். 'ஒருவர் இறந்தாலும் கூட்டு தொடரும்' என்று பத்திரத்தில் எழுதலாம். மூன்று பேர் இருந்தால் அது செல்லும். இரண்டே பேர் என்றால் செல்லாது. ஒற்றை ஆள் கூட்டாக முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, நிறுவனம் அன்றைக்கே கலைந்துவிடும். எல்எல்பியில் இன்னொருவரைச் சேர்க்க ஆறு மாதம் அவகாசம் உண்டு. அதைத் தாண்டியும் தனியாக நடத்தினால் அதன் பிறகு வரும் கடனுக்குச் சொந்தப் பொறுப்பு. இந்த ஓர் இடத்தில் எல்எல்பி தெளிவாக மேல்.

இவர்களுக்கு நான் சொன்னது: இப்போதைக்குப் பதிவு செய்த கூட்டு நிறுவனம், மூன்றாவதாக இருவரில் ஒருவர் வீட்டிலிருந்து யாராவது ஒருவர் சிறு பங்குக்கு. காசுக்காரர் தன் மனைவி பெயரைச் சொன்னார். மற்றவர் ஒரு நிமிடம் யோசித்து, அப்படியானால் தன் மனைவியும் என்றார். நான்கு பேர் ஆனார்கள். பேங்க் கடனும், கடனுக்குத் துணி வாங்கி அடித்து விற்கும் வேலையும் தொடங்கும் நாளில் எல்எல்பியாக மாற்றுவது என்று பேச்சு.

கையெழுத்துப் போடும் அன்று வேலை தெரிந்தவர் பத்திரத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, "கடைப் பேரு யாருக்குன்னு எழுதலீங்களே" என்றார். அவர் குலதெய்வத்தின் பெயர் அது. எழுதாமல் விட்டது என் தப்பு. அந்தப் பக்கத்தை மறுபடி அடித்துக் கொண்டுவரும் வரை நால்வரும் காத்திருந்தார்கள்.